வயிற்றில் ஒட்டும் மருந்து

சென்ற குளிர்காலத்தில், நான் மருந்தாளுநராக இருக்கும் லண்டன் மருத்துவமனை வார்டில் 78 வயது ஐயா ஒருவரின் மருந்துக் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமோனியாவோடு முந்தைய நாள் வந்தவர். விழுங்கும் திறனைச் சோதித்து முடிக்கும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதியிருந்தார்கள். முறையான எச்சரிக்கைதான். ஆனால் ஐயாவுக்குப் பத்து ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். அந்த நோயின் விறைப்பைத் தளர்த்த நாளுக்கு ஐந்து வேளை லெவோடோபா மாத்திரை. வரிசையாக மூன்று வேளைக்கு நேரே 'கொடுக்கவில்லை' என்றிருந்தது. ஐயா பலகைபோல் விறைத்துக் கிடந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை தானே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தவர்" என்றார் மகள்.

விழுங்க முடியாது என்பதால் மாத்திரை நின்றது. மாத்திரை நின்றதால் தொண்டைத் தசையும் விறைத்து, விழுங்குவது இன்னும் மோசமானது. பார்க்கின்சன் மாத்திரை குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளக் கூடாது என்று இந்த நாட்டில் பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பு ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருவது சும்மா அல்ல.

இப்படிப்பட்ட வேளையில் முதலில் யோசிப்பது, மூக்குவழிக் குழாயில் கரையும் லெவோடோபா. ஐயாவுக்குக் குழாய் நிற்கவில்லை, இரண்டு முறை பிடுங்கிவிட்டார். அதனால் ரோட்டிகோடின் என்ற மருந்தைத் தோல் வழியே இறக்கும் பேட்ச் ஒட்டினோம். ஒட்டியவுடன் எழுந்து உட்காருவார் என்று குடும்பம் காத்திருந்தது. மருந்து தோலைக் கடந்து இரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகும். அளவு நிலைப்பட ஓரிரு நாள் வேண்டும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால், காய்ச்சலில் ஏற்கெனவே குழம்பியிருக்கும் மூளைக்கு இல்லாத ஆட்கள் தெரியத் தொடங்குவார்கள்.

"மாத்திரையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பிளாஸ்திரியே போதாதா?" என்று கேட்காத குடும்பம் இல்லை. ஆரம்ப நிலையில் சிலருக்குப் போதும். நோய் முற்றியவர்களுக்கு இது மாத்திரைக்குத் துணை. லெவோடோபா நாளுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படும் மருந்து. அவ்வளவையும் தோல் வழியே அனுப்ப வழியில்லை. ரோட்டிகோடின் வேறு இனம். உடல் அசைவுக்கு மூளையில் வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைப் போலச் செய்வது. ஆரம்ப நிலையில் நாளுக்கு 2 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 2 மி.கி. என்று மெல்ல ஏற்றுவோம். நோய் முற்றியவர்களுக்கு ஐரோப்பாவில் உச்ச அளவு 16 மி.கி. பார்க்கின்சனில் வயிறும் மந்தமாகிவிடும், மாத்திரை அங்கேயே தங்கிவிடும். பேட்ச் வயிற்றைத் தொடாமல் 24 மணி நேரமும் சீராக இறங்கும். விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழவே முடியாதவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2011இல் வெளியான ஓர் ஆய்விலும் காலைநேர இயக்கமும் உறக்கமும் தேறியதைக் காட்டினார்கள்.

இது சிக்கலில்லாமல் வந்த மருந்தும் அல்ல. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. 2008இல் பேட்ச்சுக்குள் மருந்து பனிப்பூபோல் படிகமாக உறைவது தெரியவந்து, அமெரிக்கக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. கலவையை மாற்றிய பிறகு 2012இல்தான் அங்கே திரும்பியது.

வீட்டில் நடக்கும் தவறுகள் எனக்கு அத்துப்படி. ஓர் அம்மா, மாலைக்குள் பேட்ச் உரிந்துவிடுகிறது என்று குறைப்பட்டார். விசாரித்தால், நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஒட்டியிருக்கிறார்! எண்ணெயோ கிரீமோ பவுடரோ இல்லாத, உலர்ந்த தோல் வேண்டும். ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்த வேண்டும். வயிறு, தொடை, இடுப்பு, விலா, தோள், மேற்கை என்று தினமும் இடம் மாற்ற வேண்டும். ஒட்டிய இடத்துக்கு 14 நாளைக்குத் திரும்பக் கூடாது. அந்த அம்மாவின் கணவர் மளிகைக் கடை கொடுத்த முருகன் காலண்டரில் வலது தோளுக்கு 'வ.தோ.', இடது தொடைக்கு 'இ.தொ.' என்று தேதிதோறும் குறித்து வருகிறார். மருத்துவமனைப் படிவத்தைவிட அதுவே மேல்.

வெந்நீர்ப் பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். குளிருக்கு அதை வயிற்றில் வைத்துத் தூங்குவது இங்கே வழக்கம். பேட்ச் மேல் சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். தலைசுற்றல், தூக்கம், குழப்பம் எல்லாம் வரும். புதியதை ஒட்டுமுன் பழையதை எடுக்காமல் விட்டாலும் இதே கதிதான். நினைவுத் தடுமாற்றத்துக்குத் தரும் ரிவாஸ்டிக்மின் பேட்ச் வேறு மருந்து. ஒருவரே இரண்டையும் ஒட்டியிருக்கக்கூடும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் ரோட்டிகோடினைக் கழற்றிவிடுங்கள். அதன் பின்புறத்தில் அலுமினியம் இருக்கிறது, தோல் சுட்டுவிடும். உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் உப்புகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த பேட்ச் ஆகாது.

குடும்பங்கள் மறைக்கும் பக்கவிளைவு ஒன்று உண்டு. தெருமுனைக் கடையில் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டு வாங்கத் தொடங்கிய ஒருவரை அறிவேன். வாழ்நாளில் சீட்டு விளையாடாதவர். மனைவி வெட்கப்பட்டு மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, எல்லை மீறும் காம இச்சை ஆகியவை இந்த இன மருந்துகள் தூண்டிவிடக்கூடியவை. ஆளின் குணக்கேடு அல்ல. அதற்காகப் பேட்ச்சை ஒரே நாளில் பிய்த்து எறியவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாக இறக்குவார்.

ஐயா ஆறாம் நாள் விழுங்கும் சோதனையில் தேறினார். லெவோடோபா பழைய நேரப்படியே தொடங்கி அதன் இடத்தைப் பிடித்ததால், சில நாளே இருந்த பேட்ச்சைக் கழற்றினோம். மகள் அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். தடுத்தேன். நாளுக்கு 2 மி.கி. இறக்கும் பேட்ச்சில் அடைத்திருப்பது 4.5 மி.கி.; கழற்றும்போதும் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கும். வீட்டில் தவழும் பேரக் குழந்தை இருக்கிறதாம். பசைப்பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து, உறையில் போட்டு, மருந்துக் கழிவுப் பெட்டியில் அவரையே போடச் சொன்னேன்.