ஸ்டன்டிங்: குள்ளமா, குன்றலா?

அண்மையில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம் ஒன்று நடந்தது. வந்திருந்த பயிற்றுநர் கையிலிருந்த அச்சுத்தாளைப் பார்த்து, ‘குள்ளத்தன்மை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே பெரும் பிரச்சினையாக உள்ளது’ என்று படித்தார். முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், ‘எங்க வீட்ல எல்லாருமே குள்ளந்தாங்க, இவங்க அப்பா, தாத்தா எல்லாரும்’ என்றார். சிலர் சிரித்தார்கள், பயிற்றுநர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அன்று காலை அந்தப் பிள்ளையை அளவுப்பலகையில் படுக்கவைத்து, முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டி அளந்தபோது, தலை அசையாமல் பிடித்துக்கொண்டவன் நான். வளர்ச்சி அட்டையில் அதன் புள்ளி கீழ்க்கோட்டுக்கும் கீழே விழுந்திருந்தது. அந்தப் புள்ளி என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தாய், ‘குள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அது தன் குடும்பக் கூறு என்று முடிவு செய்து எழுந்து போனார். அவர் மேல் பிழையில்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழில் அதுதான் பொருள்.

வயதுக்கேற்ற உயரத்தைக் குழந்தை எட்டாத நிலையை ஆங்கிலத்தில் ‘ஸ்டன்டிங்’ என்பார்கள். அதற்குக் ‘குள்ளத்தன்மை’ என்ற மொழிபெயர்ப்பை அறிக்கைகளிலும் சுவரொட்டிகளிலும் செய்திகளிலும் பலமுறை கண்டபின்னும் பேசாமல் இருந்தேன். அந்தக் கூட்டத்திற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டன்ட்’ என்றால் மந்தமான, அறிவற்ற என்று பொருள்; அதன் உறவுச்சொல்லான பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்டுட்டர்’ குட்டையானதைக் குறித்தது. செடியோ உயிரோ வளரவிடாமல் ஒடுக்கப்படுவதைக் குறிக்கும் வினையாக அது 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. நம் திரைப்பட ‘ஸ்டன்ட்’ வேறு சொல். அது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பேச்சில் தோன்றியது. ஊட்டச்சத்து ஆய்வில் ‘ஸ்டன்டிங்’ கலைச்சொல்லாக நிலைபெற்றது 1970களில். அதற்குமுன் மெக்சிகோ மருத்துவர் கோமஸ் வகுத்த முறைப்படி, வயதுக்கேற்ற எடை ஒன்றைக் கொண்டே சத்துக்குறைவை அளந்தார்கள். ஜமைக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஜான் வாட்டர்லோதான் இதைப் பிரித்துக் காட்டினார். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமை நெடுநாள் பற்றாக்குறையின் தடம். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமை அண்மையில் நேர்ந்த பசி அல்லது நோயின் தடம். முன்னது ஸ்டன்டிங், பின்னது வேஸ்டிங். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோலில், நடு அளவிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (குழந்தைகளின் உயரங்கள் நடு அளவைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) கீழே இருந்தால் ஸ்டன்டிங் என்கிறார்கள். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தைக்கு நின்ற நிலையில் நடு உயரம் 87.1 செ.மீ.; கீழ் எல்லை 81 செ.மீ.

இப்போது ‘குள்ளத்தன்மை’க்கு வருவோம். இதன் முதற் குற்றம், அது இயல்பைக் குறிக்கும் சொல் என்பது. குள்ளம் ஒருவருடைய உடல்வாகு. குறையோ நோயோ நேர்ந்ததன் விளைவு என்ற எண்ணம் அச்சொல்லில் இல்லை. இது இன்று நேற்று வந்த வழக்கும் அன்று. பிறவியிலேயே வரும் எட்டு வகைக் குறைகளைப் புறநானூற்றின் 28ஆம் பாட்டு அடுக்கும்போது, கூன், ஊமை, செவிடு ஆகியவற்றோடு ‘குறள்’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. குறள் என்றாலும் குள்ளம் என்றாலும் கருவிலேயே அமைந்தது என்றுதான் தமிழ்க்காது கேட்டுப் பழகியிருக்கிறது. மருத்துவத் தமிழிலும் எலும்பு வளர்ச்சி மரபணுவால் மாறி ஏற்படும் நிலைக்குக் ‘குள்ளத்தன்மை’ என்ற பெயர் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த நிலைக்கு ஊட்டக்குறைவு காரணம் அன்று. அந்த நிலை உடையவர்களையும் பட்டினியால் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தையையும் ஒரே சொல்லால் அழைப்பது இருவருக்கும் இழைக்கும் அநீதி.

அடுத்த குற்றம் இதைவிடக் கடுமையானது: ஆய்வு எதை மறுத்ததோ, அதையே இந்த மொழிபெயர்ப்பு திரும்பச் சொல்கிறது. அந்த 2006ஆம் ஆண்டு அளவுகோலை உருவாக்க 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தார்கள். நம் நாட்டில் அளந்த இடம் தெற்கு டெல்லி. தாய்ப்பாலும் நல்ல உணவும் தூய்மையான சூழலும் மருத்துவமும் கிடைத்த குழந்தைகள், முதல் ஐந்தாண்டுகளில் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயர்ந்தார்கள். தனிப்பட்ட குழந்தைகளுக்கிடையே பெற்றோர் வழி வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு நாட்டுப் பிள்ளைகள் கூட்டமாக உயரம் குறைந்திருப்பதற்குப் பிறப்பைக் காரணம் காட்ட இயலாது என்பதே அந்த ஆய்வு தந்த முடிவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் இந்தியாவில் 35.5 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 25 விழுக்காட்டினரும் ஸ்டன்டிங் நிலையில் இருக்கிறார்கள். இதைத் ‘தமிழ்நாட்டில் நான்கில் ஒரு குழந்தை குள்ளம்’ என்று எழுதினால் படிப்பவர் நம் இனத்தின் உடல்வாகைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். கருவுற்றிருந்த தாய்க்குச் சோறு போதவில்லை, ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு கொடுக்கவில்லை, குடிநீர் கெட்டு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தது என்ற காரணங்கள் அனைத்தும் அந்த ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன.

‘வளர்ச்சிக் குறைபாடு’ என்று எழுதுவோரும் உண்டு. அது பழிச்சொல் இல்லை என்பது சரி. ஆனால் எடைக்குறைவும் பேச்சு வரத் தாமதமாவதும் நடை பழகாததும் அதற்குள் அடங்கிவிடுவதால், எதைக் குறிக்கிறோம் என்ற தெளிவு இல்லை. ‘வளர்ச்சித் தடை’யில் வளர்ச்சி நின்றுவிட்டது என்ற பொருள் தொனிக்கிறது. குழந்தை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை.

எட்ட வேண்டிய இடத்தை எட்டாமையைச் சொல்லத் தமிழில் ‘குன்றுதல்’ என்ற வினை இருக்கிறது. புகழ் குன்றும், ஒளி குன்றும், உள்ளம் குன்றும். உரிய அளவு ஒன்று இருந்து, அதிலிருந்து தாழ்ந்தால்தான் குன்றுதல் என்போம். மலை போல் உயர்ந்தவரும் குன்றிமணி அளவு இழிசெயல் செய்தால் குன்றிவிடுவர் என்று வள்ளுவர் 965ஆம் குறளில் குன்று, குன்றுதல், குன்றி மூன்றையும் ஓரிடத்தில் வைத்தது இந்தப் பொருள் நயத்தால்தான். ஆகவே ஸ்டன்டிங் என்பதற்கு ‘உயரம் குன்றல்’ என்பது என் முடிவு. ‘வளர்ச்சி குன்றல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், பிழையில்லை. ஆனால் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்ற தொடர் நெடுங்காலம் புழங்கியதால், ‘வளர்ச்சி குன்றிய குழந்தை’ என்றவுடன் பெற்றோருக்கு அந்த நினைவு வந்துவிடுகிறது. உயரம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அந்தக் கலக்கம் இல்லை. உயரம் குன்றல் உயரத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை வாக்கியத்தில் சொல்ல வேண்டும், சொல்லில் திணிக்கக் கூடாது. 1980களின் பிற்பாதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆய்வாளர் சாலி கிரந்தம்-மக்கிரிகர் குழுவினர் உயரம் குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு ஊட்ட உணவும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கே போய்த் தாயோடு சேர்ந்து விளையாட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவும் உதவியது, விளையாட்டும் உதவியது. 20 ஆண்டுகள் கழித்தும் தடம் மறையாமல், வருவாயிலும் கூடத் தெரிந்தது விளையாட்டின் பயன்தான். தாய் மடியும் பேச்சும் சிரிப்பும் ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

வேஸ்டிங்கின் நிலை இன்னும் மோசம். ஓர் அறிக்கையின் அட்டவணையில் அதற்கு ‘வீணாதல்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தத் தலைப்பின் கீழே எண்ணப்பட்டிருப்பவை குழந்தைகள் என்பதைக்கூட மொழிபெயர்த்தவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லை. இப்படிச் செய்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ‘உடல் மெலிவு’ என்ற எளிய சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது.

சவலை என்ற சொல்லை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் இழந்து இளைத்த பிள்ளையை நம் பாட்டிமார் சவலைப்பிள்ளை என்பார்கள். கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் உலகுக்கு அறிவித்த ‘குவாஷியோர்கர்’ நோயின் பெயரும், அங்குள்ள கா மொழியில், தம்பியோ தங்கையோ பிறந்ததால் பாலிலிருந்து விலக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்ற பொருளுடையது. அந்நோயில் உடல் வீங்கும், சவலையில் இளைக்கும். அறிகுறி வேறு என்றாலும் இரண்டு மொழிகளும் காரணத்தை ஒரே இடத்தில் கண்டிருக்கின்றன. நம் யாப்பிலக்கணமும் இந்தச் சொல்லை எடுத்தாள்கிறது. குறள் வெண்பா இரண்டே அடியானாலும் அதில் எதுவும் குறையவில்லை. சவலை வெண்பாவிலோ இரண்டாம் அடியின் இறுதியில் வர வேண்டிய தனிச்சொல் வராமல் அடி இளைத்து நிற்கும். ‘அட்டாலும் பால்சுவையில் குன்றாது’ என்று தொடங்கும் ஔவையார் பாட்டை அதற்குக் காட்டுவார்கள். இயல்பிலேயே சிறியதற்கு ஒரு பெயரும், உரியது கிடைக்காமல் இளைத்ததற்கு வேறொரு பெயருமாகப் பாட்டுக்கே பிரித்து வைத்திருக்கும் மொழியில், குழந்தைகளுக்கு அந்தப் பிரிவு இல்லாமல் போனது மொழியின் வறுமை அன்று, மொழிபெயர்ப்பவரின் கவனக்குறைவு.

சவலையை ஸ்டன்டிங்குக்கு நேர்ச்சொல்லாக நான் பரிந்துரைக்கவில்லை. அதில் தாய்ப்பால் இழப்பு என்ற ஒற்றைக் காரணமும் மெலிவும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் தாய்மாரிடம் பேசும்போது அதைச் சொல்லிப் பார்க்கலாம். மறுவாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அங்கன்வாடிப் பணியாளரோடு போயிருந்தேன். ‘வயசுக்கு இருக்க வேண்டிய உயரம் குன்றியிருக்கும்மா’ என்று அவர் சொன்னபோது, திண்ணையில் இருந்த மாமியார்தான் முதலில் நிமிர்ந்தார். ‘சவலையா இருந்திச்சு, நான் அப்பவே சொன்னேன்’ என்றார். மருமகள் உள்ளே போய் வளர்ச்சி அட்டையை எடுத்து வந்து, அந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார்.