ஆழ்கடல் றால் ஏன் இவ்வளவு செவப்பா இருக்கு?

கொல்லத்துக்கு வெளிய 300 மீட்டர் ஆழத்துல மடி இழுத்துக் கொண்டு வர்ற றாலப் பாத்திருக்கீங்களா, பச்சையா இருக்கும்போதே அவிச்ச மாதிரி செக்கச்செவேல்னு இருக்கும். ஒளிஞ்சு பொழைக்க வேண்டிய ஒரு சின்ன ஜீவன் இப்படியா கலர் போட்டுட்டு அலையும்னு தோணும், ஆனா அது இருக்குற எடத்துக்கு அதவிட நல்ல மறைப்பு கெடையாது.

உச்சிவெயில்ல கடல் மேல விழுற வெளிச்சத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் பட்டுத் திரும்புது, மிச்சமெல்லாம் உள்ள எறங்கிரும். அதுல ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, மேல ஒண்ணு ரெண்டு மீட்டர் தண்ணியச் சூடாக்குறதோட அதோட ஆட்டம் முடிஞ்சிரும். அப்புறம் செவப்பு. தண்ணி மூலக்கூறு அதிர்றதுக்குச் செவப்பு வெளிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும், சுத்தமான தண்ணியிலயே ஏறக்குறைய 2 மீட்டருக்கு ஒருக்கா பாதியாயிரும். இந்தக் கணக்கத்தான் நெறைய பேரு தப்பாப் போடுறாங்க. கையில 100 ரூபா வச்சிட்டு நடக்குறவன்கிட்ட ஒவ்வொரு ஜங்ஷன்லயும் இருக்குறதுல பாதியப் புடுங்குனா 50, 25, பன்னெண்டரைன்னுதான போகும், அதே மாதிரிதான், 10 மீட்டர்ல 32ல ஒரு பங்கு, 20 மீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு.

கடியப்பட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குறவங்க இடுப்புல வலைப்பை கட்டியிருப்பாங்க, அது செவப்பு நைலானா இருந்தா கீழ போகப்போக மங்கித் தவிட்டு நெறமா ஆயிரும். இன்னும் ஆழமா 20 மீட்டருக்கு சிலிண்டர் மாட்டிட்டுப் போறவங்களுக்குக் கை கீறுனா ரத்தம் கரும்பச்சையாத் தெரியும். டார்ச் அடிச்சா உடனே செவப்பு!

நீலம் அப்படி இல்ல, தெளிஞ்ச நடுக்கடல்ல பாதியாகவே 30, 40 மீட்டர் ஆகும். கரைக்கடல்ல கத வேற, மணலும் ஆத்துச் சகதியும் கலங்கிக் கெடந்தா சில மீட்டர்லயே இருட்டு, தென்மேற்குப் பருவத்துல அடியிலேர்ந்து சத்துள்ள குளுந்த தண்ணி மேல வந்து கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும்போது அது நீலத்தையும் தின்னுரும், அதனாலதான் முட்டத்துல நின்னு பாத்தா சில மாசம் கடல் பச்சையா இருக்கு. வானம் எதிரொளிக்கிறதாலதான் கடல் நீலம்னு இன்னமும் சொல்றவங்க உண்டு. 1921ல கப்பல்ல வந்த சி. வி. ராமன் மத்தியதரைக் கடலப் பாத்து நிக்கோல் பட்டகம்னு, ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடுற ஒரு படிகக் கட்டிய வச்சு அந்த எதிரொளிய வெட்டிட்டுப் பாத்தாரு, அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்துச்சு, தண்ணியே வெளிச்சத்தச் சிதறடிக்குதுன்னு எழுதுனாரு.

சுமார் 200 மீட்டர் தாண்டுனா செடி பாசி வளர்ற அளவுக்கு வெளிச்சம் கெடையாது, 1000 மீட்டருக்குக் கீழ சூரியன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. நடுவுல இருக்குறது மங்கின நீலம் மட்டுந்தான். செவப்பு றால் மேல அந்த நீலம் விழுந்தா அதோட ஓடு அத அப்படியே உறிஞ்சிக்கும், திருப்பி அனுப்பச் செவப்பு அங்க இல்லவே இல்ல, அப்ப அது சுத்தக் கருப்பு. அங்க உள்ள மீனுங்கள்ல பெரும்பாலானதுக்குக் கண்ணும் நீலத்துக்கு மட்டுமே பழகுனது, செவப்பத் தெரிஞ்சிக்கவே தெரியாது.

ஆனா ஒரு சில வகை மீனு பெரிய கேடி. கண்ணுக்குக் கீழ சொந்தமாச் செவப்பு லைட்டு வச்சிருக்கு, அதப் பாக்குற கண்ணும் அதுக்கு இருக்கு. அதுகிட்ட மட்டும் இந்த மறைப்பெல்லாம் செல்லாது.