குருதிக்கொடையாளரைக் காக்கும் விதிகள்: சேலம் மாவட்டத்தாருக்கு ஒரு விளக்கம்

ரத்ததான முகாமில் கேட்கப்படும் கேள்விகளும் அங்கே நடக்கும் பரிசோதனைகளும் குருதியைப் பெறப்போகும் நோயாளியின் நலனுக்காக மட்டுமே என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அவற்றில் பாதி, கொடுப்பவரின் உடலைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 2020 மார்ச்சில் செய்யப்பட்ட திருத்தமும், தேசிய குருதி பரிமாற்றுக் குழுமம் 2017இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதலும் இந்தப் பாதுகாப்பை வரையறுக்கின்றன. ரத்த வங்கி என்று நாம் சொல்லிவரும் இடத்துக்குக் குருதி மையம் என்ற பெயரைத் தந்ததும் அந்தத் திருத்தமே.

18 முதல் 65 வயது வரை உள்ளவர்கள் கொடுக்கலாம். முதன்முறை கொடுப்பவர் 60 வயதைக் கடந்திருக்கக் கூடாது. 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவரிடம் 350 மில்லிலிட்டரும், 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 450 மில்லிலிட்டர் வரையும் எடுக்கலாம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. கொடைக்கு முன் சாப்பிட்டிருக்க வேண்டும். விரதமிருப்பவரிடம் எடுப்பதில்லை. பாலூட்டும் தாய்மார்களும், பச்சை குத்திக்கொண்டு ஓராண்டு ஆகாதவர்களும் காத்திருக்க வேண்டும்.

அதிகம் மீறப்படுவது இடைவெளி விதிதான். ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் கழித்தே மறுமுறை கொடுக்க வேண்டும். "போன மாதம் கொடுத்தேன், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லி, நெருங்கிய உறவினருக்காகத் தேதியை மறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய நல்ல மனதை மதிக்கிறேன், ஆனாலும் அது அவர்களுக்கே தீங்காகும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குருதியின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடுவதால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் 350 மில்லிலிட்டருடன் ஏறத்தாழ 150 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்புச்சத்து வெளியேறிவிடுகிறது. உணவிலிருந்து ஒரு நாளைக்கு உடல் ஈர்த்துக்கொள்வது சாதாரணமாக 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இங்கிலாந்தில் சுமார் 45,000 கொடையாளர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2017இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. 12 வாரத்துக்குப் பதில் 8 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த ஆண்களிடமிருந்து கூடுதல் குருதி கிடைத்தது உண்மை. ஆனால் அவர்களிடம் களைப்பு, மூச்சுவாங்கல், தலைசுற்றல் ஆகியவையும் இரும்புக் குறைவும் அதிகமாகக் காணப்பட்டன. அந்நாட்டு வழக்கமான இடைவெளியான ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் என்பது நம் விதிக்கு மிக அருகில் இருப்பதையும் கவனிக்கலாம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்து மாத்திரை எடுத்துக்கொள்ளாதவர்களில் பாதிப்பேருக்கு, இழந்த ஹீமோகுளோபினில் 80 விழுக்காட்டை மீட்க 158 நாட்களோ அதற்கு மேலோ ஆயிற்று. குறைந்த அளவு இரும்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு அது 32 நாட்களாகச் சுருங்கியது. முகாமில் அளக்கப்படுவது ஹீமோகுளோபின் மட்டுமே, இரும்புச் சேமிப்பு அன்று. ஆகவே ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலோ சேலத்துத் தறிக்கூடத்திலோ வேலை செய்யும் ஒரு பெண் முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், தம் ஹீமோகுளோபின் அளவை எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்; இரும்பு மாத்திரை அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் விதி ஒன்று இருக்கிறது. நெடுந்தூர வாகன ஓட்டுநர்களும் கடும் உழைப்பு தேவைப்படும் பணியில் இருப்பவர்களும், அடுத்த பணிக்குக் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போதுதான் குருதி கொடுக்கலாம். இரவுப் பணி முடித்துத் தூக்கம் இல்லாமல் வருபவரிடமும் எடுக்கக் கூடாது. சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு முகாம் நடத்துவோர் இதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மயக்கம் பெரும்பாலும் ஊசி எடுத்த சில நிமிடங்களில் வந்தாலும், சிலருக்கு வழியில் வருவதும் உண்டு. முதன்முறை கொடுப்பவர்களுக்கும் இளைஞர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். ஆகவே ஏற்காட்டிலிருந்து வந்து கொடுப்பவர், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாமே இருசக்கர வாகனத்தில் ஏறிக் கடக்காமல் பேருந்தில் திரும்புவது என் பரிந்துரை. கொடைக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், நாற்காலியில் இருக்கும்போது கால் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் கொடையில் மயங்கியவர்கள் மறுபடி வருவது குறைவு என்பதால், இந்தக் கவனிப்பு முகாம் நடத்துவோருக்கும் முக்கியமானது.

குருதிக்கொடைக்காகக் கொடையாளருக்குப் பணம் கொடுப்பதும் அவர் வாங்குவதும் சட்டவிரோதம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே, தொழில்முறைக் கொடையாளர்களிடம் எடுப்பது 1998 ஜனவரி 1 முதல் ஒழிக்கப்பட்டது. பணத்துக்காக வருபவர் நோயை மறைப்பார் என்பது அதற்கு ஒரு காரணம். "ஆள் கொண்டுவாருங்கள்" என்று கேட்கப்பட்டு, வீட்டாரின் வற்புறுத்தலால் வருபவருக்கும் உண்மையை மறைக்கும் நெருக்கடி உண்டு; ஆதலால் மருத்துவரிடம் தனியாகப் பேசவும், காரணத்தை உறவினருக்குச் சொல்லாமல் விலகவும் கொடையாளருக்கு உரிமை இருக்கிறது.

எடுக்கப்பட்ட ஒவ்வோர் அலகும் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. முடிவை அறிய விரும்புவதாக ஒப்புதல் படிவத்தில் குறித்தால், ஏதேனும் தொற்று தெரியும்போது மையம் உங்களை அழைத்து ரகசியமாகச் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. எனில், அதற்கான ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அந்த நோயைக் கண்டறிவதற்காகவே முகாமுக்குப் போவது மட்டும் கூடாது, ஏனெனில் தொற்றின் தொடக்க நாட்களில் சோதனை அதைத் தவறவிடக்கூடும். பரிசோதனைக்கு நம்பிக்கை மையமே இருக்கிறது.

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சில நாட்களில் காய்ச்சல் வந்தாலோ, படிவத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தாலோ, உடனே அந்த மையத்துக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். உங்கள் பெயரையும் முகாம் நடந்த தேதியையும் சொன்னால், அந்தப் பையின் எண்ணைத் தேடி, அது இன்னும் நோயாளிக்கு ஏற்றப்படவில்லை எனில் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள்.