தொட்டியின் அடியில் பட்டினி கிடக்கும் மீன்

கடந்த கிழமை ஒரு தாயும் மகனும் பொலித்தீன் பையொன்றில் இரண்டு கொரிடோராஸ் மீன்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒன்று ஏற்கெனவே இறந்திருந்தது. மற்றையதன் வயிறு உட்குழிந்து, வாயோரத்து மீசைகள் அடியோடு தேய்ந்து போயிருந்தன. என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுக்குத் தனியாச் சாப்பாடு தேவையில்லை, மற்ற மீன்களின்ரை கழிவைத் தின்னும் எண்டு கடையிலை சொன்னவை, டொக்டர்" என்றார் தாய். அந்தப் பிள்ளை தன் உண்டியற் காசில் வாங்கிய மீன்களுக்கு மூன்று கிழமைகளாக எவருமே உணவிடவில்லை. கால்நடை வைத்தியராக இதே பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். இனியும் எழுதாமலிருப்பது தவறு என்று தோன்றுகிறது.

கொரிடோராஸ் என்பது தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய, கெளிற்று வகையைச் சேர்ந்த சிறிய நன்னீர் மீன். இனத்துக்கேற்ப ஏறத்தாழ 3 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வளரும். செதில்களுக்குப் பதிலாக உடலின் இரு பக்கங்களிலும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாக அமைந்திருக்கும். அது அடித்தரையைக் கிளறிப் புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் தேடி உண்ணும் உயிரினம். அது கிளறுவதைப் பார்த்து, அங்கே கிடக்கும் அழுக்கைத் தின்கிறது என்று முடிவுகட்டியதே இத்தனைக்கும் காரணம். குப்பையைக் கிளறும் கோழி குப்பையைத் தின்பதில்லை, குப்பைக்குள் இருக்கும் கறையானையும் புழுவையும் தின்கிறது என்பது எங்கள் வீட்டு வளவுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மீன் விடயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். கொரிடோராஸ் மற்ற மீன்களின் மலத்தை உண்டு வாழாது. கண்ணாடியில் படியும் பாசியையும் உண்ணாது. மற்ற மீன்கள் விட்டுவைத்த உணவு அடியில் விழுந்தால் அதை உண்ணும் என்பது உண்மைதான். ஆனால் தங்கமீன் வாழும் தொட்டியில் பெரும்பாலும் உணவு அடிவரை போய்ச் சேர்வதில்லை. அப்படியின்றி, இரண்டு கெளிறுகளின் வயிறு நிறையும் அளவுக்கு ஒவ்வொரு நாளும் உணவு மிஞ்சுகிறதென்றால், நீங்கள் அளவுக்கு மீறி உணவிட்டு நீரைப் பழுதாக்குகிறீர்கள் என்பதே பொருள். அதுமட்டுமல்ல, உண்ட மீன் தானும் கழிவை வெளியேற்றும். ஆகவே துப்புரவுக்கென்று ஒரு மீனைச் சேர்க்கும்போது தொட்டியின் கழிவு கூடுமேயன்றிக் குறையாது. அடியில் சேரும் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

அடியில் அமிழும் குளிகை உணவை மாலையில், விளக்கை அணைத்த பிறகு இடுங்கள். இடையிடையே உப்புப் போகக் கழுவிப் பொடியாக நறுக்கிய இறாலும் கொடுக்கலாம். இது கூட்டமாக வாழும் மீன். ஒன்றிரண்டாக வளர்த்தால் ஒளிந்தே கிடந்து நலியும். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு மீன்கள் இருக்க வேண்டும், அதற்கு 60 லீற்றர் அளவிலான தொட்டியாவது வேண்டும். பெரிய வாயுள்ள மீன்களோடு சேர்க்காதீர்கள்: கொரிடோராஸ் அச்சமுற்றால் செட்டை முட்களை விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும் என்பதால், அதை விழுங்க முயன்ற மீனின் தொண்டையில் முள் சிக்கி இரண்டுமே இறந்துபோகலாம்.

மீசை தேய்வதற்குக் கூரான கற்களே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கல்லுக்கும் பங்குண்டு, ஆனால் கற்களுக்கிடையே அழுகிக் கிடக்கும் உணவிலும் கழிவிலும் பெருகும் பற்றீரியாக்களே பெரும்பாலும் அந்த மென்மையான மீசைகளை அரிக்கின்றன. நன்கு கழுவிய மெல்லிய ஆற்றுமணலை இரண்டு விரற்கடை உயரத்துக்கு இட்டால் போதும். கடற்கரை மணலையும் ஊரியையும் சுண்ணக்கற் சல்லியையும் தயவுசெய்து போடாதீர்கள். ஐயமிருந்தால் ஒரு பிடி மணலில் சிறிது வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

சுண்ணாம்பை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் நீரில் அது ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறுபவை. நீர் கடினமானது, அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானமும் உயர்ந்தது. பீ.எச். பெறுமானமும் வெப்பமும் உயரும்போது, மீனின் கழிவிலிருந்து நீரில் சேரும் அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். கொழும்புப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பையில் அடைபட்டு வரும் மீன் சுவாசிப்பதால் அந்நீரில் காபனீரொட்சைட்டுச் சேர்ந்து பீ.எச். தாழ்ந்திருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அமோனியா உடனடியாகக் கொல்வதில்லை. பையைத் திறந்து அதற்குள்ளேயே கிணற்று நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பழக்குகிறோம் என்று வைத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் அது நஞ்சாகிறது. பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, முள் வலையில் சிக்காதபடி கோப்பையால் மீனைப் பிடித்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். பை நீரைக் கொட்டிவிடுங்கள். அத்தொட்டியும் வடிகட்டியோடு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஓடி முதிர்ந்ததாக இருக்க வேண்டும்.

குடாநாட்டின் பல கிணறுகளில், தோட்டத்து உரத்தாலும் மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அத்தகைய நீரை எத்தனை தடவை மாற்றினாலும் தொட்டியின் நைத்திரேற்றுக் குறையாது. எனவே கார்த்திகை, மார்கழி மழையில் கூரை நன்கு கழுவுப்பட்ட பின் விழும் நீரைச் சேமித்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துங்கள். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குக் குளோரீன் இட்டிருந்தால், அந்நீரைக் குளோரீன் நீக்காமல் ஒரு கோப்பைகூடத் தொட்டிக்குள் விடக்கூடாது.

சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். கொரிடோராஸ் வகைகளில் சாம்பற் புள்ளிகள் கொண்ட பலேயாற்றஸ் இனம் தென் அமெரிக்காவின் தென்பகுதிக்குரியது. டார்வின் தம் பீகிள் கப்பற் பயணத்தில் சேகரித்து, 1842 இல் விவரிக்கப்பட்ட மீன் அது. குளிர்ந்த நீருக்குப் பழகிய அந்த இனத்தை யாழ்ப்பாணத்து வெயிலில் வாங்கி வதைக்க வேண்டாம்; வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஸ்ரேர்பை இனத்தைத் தேடுங்கள். கொரிடோராஸ் இடையிடையே மேலே பாய்ந்து காற்றை விழுங்கிக் குடலால் ஒட்சிசனைப் பெறுவது இயல்பு, ஆகவே நீருக்கும் மூடிக்கும் இடையே வெளி விடுங்கள். ஆனால் ஓயாமல் மேலே போய் வந்தால் நீரில் ஒட்சிசன் போதவில்லை என்று அறிந்து உடனே காற்றுப்பம்பியைப் பாருங்கள்.

மீன் சோர்ந்தவுடன் உப்பையும், பொற்றாசியம் பரமங்கனேற்றையும், செம்பு கலந்த மருந்தையும் கையளவில் போடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். மற்ற மீன்கள் தாங்கும் அளவு இந்த வகை மீன்களுக்குத் தீங்காகலாம்.

கொரிடோராஸ் இறந்ததும் அதற்குப் பதிலாக, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனை வாங்குவோரும் உண்டு. அது 30 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து தொட்டிக்குள் திரும்பவே இடமில்லாமற்போக, கோயிற் கேணியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அந்நிய மீனை எங்கள் நீர்நிலைகளில் விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அன்று அந்தத் தாய், பயணத்தில் மீனுக்கு நல்லது என்று எண்ணி, பையில் புதிதாக அள்ளிய கிணற்று நீரை நிரப்பி வந்திருந்தார். தொட்டியின் நீர் எப்படியிருந்தது என்பதை என்னால் அளந்து பார்க்க முடியவில்லை. மீன் உயிரோடு இருக்கும்போதே, அது வாழ்ந்த தொட்டி நீரிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். கூடவே ஒரு போத்தலில் தொட்டி நீரும் இன்னொன்றில் கிணற்று நீரும் எடுத்து, எது எதுவென்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.