அறிவியல் வகுப்பில் தீக்‌ஷா: வீடியோ பார்ப்பதும் செய்து பார்ப்பதும்

தமிழ்நாட்டுப் பாடநூலைப் புரட்டினால் பாடங்களின் ஓரத்தில் க்யூஆர் கோடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ போனில் திறக்கும். ஆசிரியர்களுக்கு இது பழகிய விஷயம். பெற்றோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இதற்குப் பின்னால் இருப்பது தீக்‌ஷா தளம். ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. நடத்துகிறது. கட்டணம் எதுவும் கிடையாது. பாடம் பார்க்க மட்டும் என்றால் கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. கோடு மங்கியிருந்தால் அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யலாம். சிக்னல் கிடைக்காத பள்ளியா? முந்தின நாளே டவுன்லோட் செய்துவைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் இல்லாமலே ஓடும்.

சரி, வீடியோ போட்டாயிற்று. அதோடு பாடம் முடிந்துவிடுகிறதா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 8ஆம் வகுப்பு வரை குழந்தைகள் செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்க வேண்டும் என்கிறது. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கவும் சொல்கிறது. இரண்டும் பிரிவு 29இல் இருக்கின்றன. ஆகவே அறிவியலைக் கையால் செய்து பார்ப்பது, நேரமிருந்தால் தருகிற சலுகை அல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

தண்ணீர்ப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிட வீடியோவை ஓட்டி, பாதியில் நிறுத்தி, "நம்ம பள்ளியில தண்ணி எங்கெல்லாம் வீணாகுது?" என்று கேளுங்கள். பிள்ளைகளே சொட்டும் குழாயைக் காட்டுவார்கள். அதன் அடியில் அளவுக்குவளையைப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். 100 மில்லிலிட்டர் சேர்ந்தால் ஒரு மணிக்கு 600, ஒரு நாளைக்கு 14.4 லிட்டர். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். அப்புறம் மீதி வீடியோவைப் போட்டுப் பாருங்கள், கேள்விகள் தானாக வரும். குப்பை, கொசு, காற்று மாசு எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: முதலில் கொஞ்சம் திரையில், பிறகு வெளியே போய் அளப்பது, திரும்பி வந்து பேசுவது.

சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்க வழிசெய்ததும் ஒரு தீர்ப்புதான். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறப்பித்தபோது, திரையரங்குகளில் சுற்றுச்சூழல் ஸ்லைடுகள் காட்டவும் வானொலி, தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பவும் சேர்த்தே சொன்னது. திரை வழியாக இதைச் சொல்லிக்கொடுப்பது அன்றே யோசிக்கப்பட்ட ஒன்று.

அளவுக்குவளை, வெப்பமானி வாங்கப் பணம்? பள்ளிக் கல்விக்கு ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் இளைஞர், சூழல் மன்றங்களுக்கென்று அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 15,000 ரூபாய் வரை என்பது திட்ட வரையறை. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் சட்டப்படியான வேலை. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, சூழல் மன்றத்துக்குப் பணம் வந்ததா, அறிவியலுக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.