பழகியது உடம்பு அல்ல

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பாமசி ஒன்று. எனக்கு முன்னால் நின்ற அம்மா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பக்டீரியாவைக் கொல்லும் மருந்தான அமொக்சிசிலின், 500 மில்லிகிராம்; இரண்டு குளிசைகள் மீதி. "தம்பி, இதில் ஆறு தாருங்கள். ஆனால் போனமுறை தடிமன் இதற்குக் கேட்கவில்லை. உடம்புக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது."

பழகியது அவருடைய உடம்பு அல்ல.

பக்டீரியாவைச் சுற்றி மீன்வலை போலப் பின்னிய ஒரு சுவர் உண்டு. அது வளரும்போது வலையை ஆங்காங்கே அறுத்து, புது இழை சேர்த்துத் தைத்துக்கொள்ளும். அமொக்சிசிலின் தைக்கும் நொதியத்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது. அறுப்பது நிற்காது, தைப்பது நின்றுவிடும்; கடைசியில் உள்ளழுத்தம் தாங்காமல் கலம் வெடிக்கும். நம் கலங்களுக்கு அந்தச் சுவர் கிடையாது, அதனால் நாம் தப்பினோம். வைரசுக்கும் கிடையாது. வைரசால் வரும் தடிமனுக்கும் டெங்குவுக்கும் இந்த மருந்து ஒன்றும் செய்யாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

மருந்து உறையில் "8 மணித்தியாலத்துக்கு ஒன்று" என்று எழுதியிருப்பதைப் பலர் "மூன்று வேளைச் சாப்பாட்டோடு" என்று வாசிக்கிறார்கள். காலை 8, பகல் 1, இரவு 8 என்று வைத்துக்கொண்டால் இரவில் 12 மணித்தியால இடைவெளி விழுகிறது. இரத்தத்தில் ஏறிய அமொக்சிசிலினில் பாதி ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் கழிந்துவிடும். வசதியான சூழலில் சில பக்டீரியாக்கள் இருபதே நிமிடத்தில் இரட்டிப்பவை.

தடிமனுக்குக் குடித்த குளிசை வீணாகப் போவதோடு விட்டால் பரவாயில்லை. அது குடலுக்கும் போகிறது. அங்கே கோடானுகோடி பக்டீரியாக்கள் சும்மா குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு சில, மருந்தின் மூலக்கூறிலுள்ள வளையத்தை வெட்டிப்போடும் நொதியத்தைச் செய்யத் தெரிந்தவை. மற்றவை மடிய இவை பெருகும். அந்த வித்தைக்கான மரபணு பெரும்பாலும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், பக்கத்திலிருக்கும் வேற்று இனத்துக்கும் கைமாறும். நாளை சிறுநீர்த் தொற்று வரும்போது, பழகிய கூட்டம் அங்கே காத்திருக்கும்.

அமொக்சிசிலினின் மூத்த உறவான பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 நோபல் உரையில் ஒரு கற்பனை மனிதரைச் சொன்னார்: தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கி, குறைவாக எடுத்து, கிருமிகளுக்குப் பாடம் நடத்தியவர். வேடிக்கை என்னவென்றால், தொண்டை நோவைத் தரும் 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகொக்கசு இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே போகிறது. பாடம் படித்துக்கொண்டவை வேறு கிருமிகள்.

மருந்தாளர், "டாக்டர் தந்த துண்டு இருக்கிறதா அம்மா? காய்ச்சல் எத்தனை நாள்?" என்று கேட்டார். துண்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை, மூக்குத்தான் ஒழுகுகிறது. அப்படியென்றால் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், நாலைந்து நாளில் பார்க்கலாம் என்றார். மிச்சமிருக்கும் இரண்டையும் தந்துவிட்டுப் போகச் சொன்னார்.

அம்மா அட்டையைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். "இருக்கட்டும் தம்பி, பேரனுக்கு உதவும்."