நடுநிலையா, நொதுமலா?

எந்த இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டாலும் தமிழ்ச் செய்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "சிங்கப்பூர் நடுநிலை வகிக்கிறது." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன்.

ஆங்கிலத்தின் 'நியூட்ரல்'தான் இப்படித் தமிழாகிறது. அந்தச் சொல்லின் வேர் லத்தீன். 'இரண்டில் எதுவும் இல்லை' என்று பொருள். 1815 முதல் சுவிட்சர்லாந்துக்கு உள்ள நிலை அதுதான். யார் சண்டையிலும் சேராது.

நம் நடுநிலை அப்படிப்பட்ட சொல்லா? குறளின் 12ஆம் அதிகாரமே நடுவு நிலைமை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று அங்கே வருவது துலாக்கோல். தராசு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. யாருடைய தட்டு என்று பார்க்காமல், கனமான பக்கம் இறங்கிக் காட்டிவிடும். அந்த அதிகாரத்தின் முதல் குறளுக்கு உரை சொல்லும்போது பரிமேலழகர் பகை, நொதுமல், நண்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். மூன்று பகுதியினரிடமும் முறை தவறாமல் நடப்பது நடுவுநிலைமை. பகையும் நட்பும் இல்லாத அயல்தன்மை நொதுமல். சங்கப் பாடல்களில் நொதுமலர் என்றால் அயலார். ஆக, நியூட்ரலுக்குப் பக்கத்தில் வரும் சொல் இதுதான். மின்னேற்றம் இல்லாத அணுத்துகளான நியூட்ரானுக்கு நொதுமி என்று பெயர் வைத்த அறிவியல்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

சரி, நம் சிங்கப்பூர் அரசாங்கம் செய்வது எது? 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்து நான்கு நாள் கழித்து, வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் அதைக் கண்டித்தார். தடைகள் விதிக்கப்போவதாகவும் அறிவித்தார். மார்ச் 2 அன்று ஐநா பொதுச் சபையில் ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்த 141 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 1983இல் அமெரிக்கா கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையோடு நுழைந்தபோதும், நட்பு நாடாயிற்றே என்று பார்க்காமல் அமெரிக்காவுக்கு எதிராகவே வாக்களித்தது. இது வள்ளுவர் சொன்ன நடுநிலை. செய்தியில் சொல்லும் 'நடுநிலை' இல்லவே இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. அதே 2022 தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகிய 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்கும் தமிழில் "நடுநிலை வகித்தது" என்றே எழுதுகிறார்கள்! கை தூக்கியவருக்கும் தூக்காதவருக்கும் ஒரே சொல் என்றால் வாசகர் என்னத்தைப் புரிந்துகொள்வார்? "வாக்களிக்காமல் விலகியது" என்று எழுத என்ன தடை?

அப்புறம், 'அணிசேராமை' என்று மாற்றிவிடலாமே என்பார்கள். அது வல்லரசு அணிகளில் சேராத கொள்கை. சிங்கப்பூர் 1970இல் அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட சச்சரவில் வாய் திறக்காமல் இருப்பதற்கு அது பொருந்தாது.

நொதுமல் கரடுமுரடாக இருக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தலைப்பில் போட்டால் பாதிப் பேர் அச்சுப்பிழை என்பார்கள். 'எந்தப் பக்கமும் சேரவில்லை' என்று எழுதட்டும். ஆங்கில அறிக்கை கையில் வந்ததும் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிற அவசரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.